ஒரு பந்து பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. பானையிலுள்ள அரிசி ஒரே வகை; ஒரே நீரில், ஒரே வெப்பத்தில் வெந்தது. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாலே மற்றவற்றின் நிலை தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு மனிதனின் திறமைக்கு இப்படிப் பதம் பார்க்க முடியுமா? கிரிக்கெட் பந்து வீச்சாளன் ஒருவன் பெரிய ஆட்டத்துக்குப் பக்குவமாகிவிட்டான் என்று யார், எதைக் கொண்டு தீர்மானிப்பது?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவன் என் வகுப்பில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன். திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் உள்ள ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுபவரின் மகன். மாலையில் பாளையங்கோட்டைப் பக்கம் சென்று வேகப்பந்து வீசிப் பழகுகிறான். ஒரு நாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். நண்பன் எடுத்த படத்தைக் கொண்டு ஒரு செயலி அவன் பந்தின் வேகத்தைக் கணக்கிட்டிருந்தது: மணிக்கு 127 கிலோ மீட்டர்.

“சார், சென்னைக்குப் போயி லீக் ஆடலாம்னு இருக்கேன். படிப்ப அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்லா சார்?” என்று கேட்டான்.

உடனே விடை சொல்ல எனக்குத் துணிவில்லை. உலகில் பலர் இதே கேள்விக்கு எவ்வாறு விடை தேடினார்கள் என்று படித்துப் பார்த்தேன். அந்த வரலாற்றையே இங்கு உங்களுக்குக் கூறுகிறேன்.

வேகத்தை அளந்த கதை

பந்தின் வேகத்தை அளக்கும் முயற்சி முதலில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் தொடங்கியது. பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது. அங்கும் ஒருவர் பந்தை எறிய, மற்றவர் மட்டையால் அடிக்கிறார். 1912-இல் வால்டர் ஜான்சன் என்னும் புகழ் பெற்ற வீச்சாளரைத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றனர். தோட்டாவின் வேகத்தை அளக்கும் கருவியின் ஊடே அவர் பந்தை எறிந்தார். வேகம் வினாடிக்கு 122 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 134 கி.மீ. என்று தெரிந்தது. 1946-இல் பாப் ஃபெல்லர் என்பவர் அமெரிக்கப் படையினரின் கருவி முன் எறிந்தபோது அது மணிக்கு 98.6 மைல், சுமார் 159 கி.மீ., காட்டியது.

கிரிக்கெட்டில் 1975-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அதிவேகப் படக்கருவி கொண்டு அளந்தபோது ஜெஃப் தாம்சனின் பந்து மணிக்கு 160.45 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது தெரிய வந்தது.

இவையெல்லாம் எப்போதோ ஒரு முறை நிகழ்ந்த சோதனைகள். மைதானத்தில் அன்றாடம் அளக்கும் வழி 1974-இல்தான் பிறந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், விரைந்து செல்லும் கார்களைப் பிடிக்கப் போலீசார் பயன்படுத்திய ராடார் கருவியைக் கண்டார். காரை அளப்பது பந்தை அளக்காதா என்று அவருக்குத் தோன்றியது. இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் வேகக் கணக்கின் தொடக்கம் அதுதான்.

ராடாரின் அடிப்படை, 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் கண்டறிந்து கூறிய விளைவு. ரயில் நிலைய நடைமேடையில் நிற்கிறீர்கள். ஊதிக்கொண்டே வரும் ரயிலின் ஒலி, நெருங்கும்போது கீச்சென்றும் கடந்து சென்றதும் தணிந்தும் கேட்கிறது அல்லவா? அலைகளை அனுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. ராடார் கருவி, வினாடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட நுண்ணலையைப் பந்தின்மீது செலுத்துவதாகக் கொள்வோம். மணிக்கு 144 கி.மீ., அதாவது வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் பந்திலிருந்து எதிரொளித்துத் திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 6,440 மட்டும் கூடியிருக்கும். 2,415 கோடியில் 6,440! இத்தனை சிறிய வேறுபாட்டைக் கருவி பிரித்தறிந்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கருவி பந்தின் பாதைக்கு நேராக இருக்க வேண்டும். 20 பாகை விலகி நின்று அளந்தால் 140 கி.மீ. வேகப் பந்து 132 என்றே காட்டும்.

இனி என் மாணவனின் கைப்பேசிக்கு வருவோம். அது வினாடிக்கு 30 படங்கள் எடுப்பது. வீசும் கையிலிருந்து மட்டையாளர் வரை பந்து கடக்கும் தொலைவு ஏறத்தாழ 17.7 மீட்டர். பந்து அதைக் கடக்க 15 படங்கள் ஆயின என்றால் நேரம் அரை வினாடி. வேகம் மணிக்கு 127 கி.மீ. சரி. ஆனால் பந்து கையை விட்டது எந்தப் படத்தில் என்பதில் ஒரு படம் முன்னே பின்னே ஆனால்? 14 படம் என்றால் வேகம் 137. 16 படம் என்றால் 119. ஆக, அவன் நீட்டிய 127 என்ற எண்ணுக்கு உண்மையான பொருள், ‘119-க்கும் 137-க்கும் இடையே ஏதோ ஒன்று’ என்பதுதான். முதல் பதம் பார்த்தலே இவ்வளவு தளர்வானது.

வேகம் மட்டும் போதுமா?

அளவு துல்லியமாகவே இருக்கட்டும். வேகம் இருந்தால் போதுமா? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. 2008-இல் அமெரிக்கர் சிலர் இந்தியாவில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்னும் போட்டியை நடத்தினர். ஊர் ஊராகச் சென்று, வந்த இளைஞர்களையெல்லாம் ராடார் முன் பந்தெறியச் செய்தனர். பல்லாயிரம் பேர் கலந்துகொண்டனர். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு இளைஞர்கள் முன்னணிக்கு வந்தனர். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலையே அதற்கு முன் ஆடியதில்லை.

அவர்களை அமெரிக்கா கொண்டு சென்று பயிற்சி தந்தனர். அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்கு இது புதிய வரலாறு. ஆயினும் அக்குழு அவர்களை உடனே முதல்தர ஆட்டத்தில் இறக்கவில்லை. அங்கு முதல்தர லீக்குக்குக் கீழே படிப்படியாகப் பல சிறு லீக்குகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் எதிரே நிற்கும் மட்டையாளர் முன்னவரைவிடத் தேர்ந்தவர். 2009 ஜூலையில் இருவரும் கடைசிப் படியில் ஆடத் தொடங்கினர். 2010-இல் தினேஷ் பட்டேல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் மேலும் சில படிகள் ஏறினார். பின்னர்க் காயங்கள் தடுத்தன. 2018-இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றுவிட்டார். முதல்தர லீக்கை இருவரும் எட்டவில்லை.

இதைத் தோல்விக் கதை என்று நான் கூறவில்லை. ராடார் அவர்களைப் பற்றிச் சொன்னது உண்மையே. ஆனால் அது அவர்கள் கையைப் பற்றி மட்டுமே சொன்னது.

ஆறு பந்தின் மாயம்

வேகத்தோடு வேண்டியது, நினைத்த இடத்தில் மறுபடி மறுபடி பந்தை விழச் செய்யும் திறன். இது எத்தனை கடினம் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா?

மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்தை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில், இரண்டு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து பந்து கிளம்புகிறது. கிளம்பும் கோணம் ஒரே ஒரு பாகை மாறினால் பந்து விழும் இடம் ஏறத்தாழ 1.7 மீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டடி நீளமுள்ள ஓர் இடத்துக்குள் விழ வேண்டுமானால் கோணம் மூன்றில் ஒரு பாகைக்குமேல் பிசகக் கூடாது. வேகப்பந்து வீச்சாளரின் கை, பந்தை விடும் கணத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2,000 பாகை என்ற அளவில் சுழல்கிறது. அப்படியானால் விரல்கள் பந்தை விட வேண்டிய நேரத்தில் அனுமதிக்கப்படும் பிழை, ஒரு வினாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே!

இத்தகைய திறன் ஒருவனிடம் உண்டா என்று அறிய எத்தனை பந்து பார்க்க வேண்டும்? தேர்வு முகாம்களில் பையன்கள் வரிசையில் நிற்க, ஆளுக்கு ஓர் ஓவர் கொடுப்பது வழக்கம். இரண்டுக்கு ஒன்று குறி தவறும் சாதாரண வீச்சாளன் ஒருவன் ஆறு பந்தையும் சரியாக வீச வாய்ப்பு என்ன? ஒரு நாணயம் ஆறு முறையும் தலையாகவே விழுவதற்குள்ள வாய்ப்புதான்: 64-இல் ஒன்று. முகாமுக்கு இப்படிப்பட்ட 320 பேர் வந்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஐந்து பேர் மேதைகளாகத் தோன்றுவர்! அதே வேளையில், மெய்யாகவே திறமையுள்ள ஒருவன் அந்த ஆறு பந்தில் தடுமாறி, மனம் உடைந்து பேருந்து ஏறியிருப்பான். பானைச் சோறு விதி இங்கே செல்லாது. பந்துகள் ஒரே பானையில் வெந்தவை அல்ல.

பெரிய ஆட்டங்களிலும் இதே குழப்பம் உண்டு. சென்னையில் பிறந்த எல். சிவராமகிருஷ்ணன் மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் லெக் ஸ்பின் வீச்சாளர். 1983 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக அவ்வளவு இளம் வயதில் டெஸ்ட் ஆடியவர் எவருமில்லை. அந்த ஆட்டத்தில் அவருக்கு விக்கெட் கிட்டவில்லை. அவசரப்பட்டுவிட்டார்கள் என்று அன்று சொல்லியிருக்கலாம். ஆனால் 1984-இன் இறுதியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்து இந்தியாவுக்கு வெற்றி தேடித் தந்தார். அடுத்து டெல்லியில் முதல் இன்னிங்ஸில் 6. தொடர்ந்து மூன்று இன்னிங்ஸில் மும்முறை ஆறு விக்கெட்டுகள்! இப்போது அவர் பக்குவமானவர் என்பதில் யாருக்கு ஐயம் எழும்?

ஆயினும் 1986 ஜனவரியில் சிட்னியில் அவர் ஆடியதே கடைசி டெஸ்ட் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது இருபதுதான். ஒன்பது டெஸ்டுகளில் மொத்தம் 26 விக்கெட். அதில் 18 அந்த மூன்று இன்னிங்ஸில் வந்தவை. முதல் ஆட்டத்தைப் பார்த்து இல்லை என்று முடிவு செய்தாலும் தவறு. பம்பாயைப் பார்த்து ஆம் என்று முடிவு செய்தாலும் அது முழு உண்மையாகவில்லை. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து அனுப்பியிருந்தால் வேறு விதமாக நடந்திருக்குமா? அறிய வழியில்லை. சோதனைக்கூடத்தில் ஊசலை நூறு முறை ஆட்டிப் பார்க்கலாம். ஒரு மனிதனின் பதினேழு வயதை இரண்டாம் முறை ஆட்டிப் பார்க்க இயலாது.

எலும்புக்கும் ஒரு வயது உண்டு

மூன்றாவது, உடல் தாங்குமா என்பது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒருவன் 127 கி.மீ. வேகத்திலிருந்து 142-க்கு ஏற விரும்பினால், வேகம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. பந்துக்குத் தரவேண்டிய ஆற்றலோ கால் பங்கு கூடிவிடுகிறது. அதற்கான விலையைத் தருவது கணுக்கால், முழங்கால், இடுப்பின் முள்ளெலும்புகள். ஓடி வந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை அந்த ஒற்றைக் காலில் தாக்குகிறது. பத்து ஓவர் வீசினால் அறுபது முறை. இடுப்பு முள்ளெலும்புகளோ முழு வலிமை பெற இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி இதைத் தம் உடம்பில் அறிந்தவர். 1973-இல் மேற்கிந்தியப் பயணத்தின்போது அவர் முதுகெலும்பில் தகைவு முறிவுகள் ஏற்பட்டன. ஒரே விசை திரும்பத் திரும்பத் தாக்குவதால் எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பே தகைவு முறிவு. கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவது போன்றதுதான். மேல் உடம்புக்கு மாவுக்கட்டுப் போட்டு, பல்கலைக்கழக உடற்கல்வி அறிஞர்களின் துணையோடு ஓடும் விதம் முதற்கொண்டு பழகி, 1974-75-இல் அவர் மீண்டு வந்தார். 1989-இல் வெளியான மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், சராசரி 17 வயதுடைய 82 வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுவதும் கவனித்தனர். நூற்றுக்கு 11 பேருக்கு முள்ளெலும்பில் தகைவு முறிவு ஏற்பட்டிருந்தது. மேலும் 27 பேர் முதுகுத் தசைக் காயங்களால் ஓர் ஆட்டமேனும் ஆட முடியாமல் போயினர். தோள் ஒரு திசையிலும் இடுப்பு வேறு திசையிலுமாக முறுக்கிக்கொண்டு வீசியவர்களும், அளவுக்கு மீறி வீசியவர்களுமே பெரிதும் துன்பப்பட்டனர்.

இந்த அறிவு 1987-இல் நம் சென்னைக்கு வந்தது. அந்த ஆண்டு தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு லில்லியே இயக்குநரானார். அவரிடம் பயில வந்த சிறுவர்களில் பம்பாயிலிருந்து வந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனும் உண்டு. லில்லி பார்த்தார், மட்டை பிடிப்பதில் கவனம் செலுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். தேர்பவர் சொல்லும் ‘வேண்டாம்’ என்ற சொல் சில வேளைகளில் பெரிய உதவியாகிவிடுகிறது!

ஏணியும் தூக்குப் பல்லக்கும்

அமெரிக்காவில் 1973-இல் டேவிட் கிளைட் என்ற 18 வயது வீச்சாளன் பள்ளிப் படிப்பை முடித்த சில வாரங்களிலேயே முதல்தர லீக்கில் இறக்கப்பட்டான். கூட்டமில்லாமல் தவித்த டெக்சாஸ் குழுவுக்கு அவனைப் பார்க்க மக்கள் திரண்டனர், அரங்கு நிறைந்தது. ஏணிப் படிகள் எல்லாவற்றையும் தாண்டி அவனைப் பல்லக்கில் தூக்கிச் சென்றனர். முதல் ஆட்டத்தில் வென்றான். பிறகு தோள்வலி வந்தது. 24 வயதில், 1979-இல், அவனது முதல்தர ஆட்டம் முடிந்தது. அனுப்பியவர்கள் பார்த்தது அவன் பதத்தை அல்ல, தங்கள் கல்லாவை.

இதற்கு மாறாக, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தி. நடராஜனின் கதை ஏணியின் கதை. டென்னிஸ் பந்தில் ஊர் மைதானங்களில் ஆடி, இருபது வயதளவில் சென்னைக்கு வந்து கீழ்ப்பிரிவு லீக்கில் சேர்ந்தார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். உடனே, அவர் வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்குமேல் நிமிரக் கூடாது என்பது விதி. ஓராண்டுக்கு மேல் உழைத்து முறையைத் திருத்திக்கொண்டார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. நம் நெல்லைக்கு அருகே சங்கர் நகர் மைதானமும் அதன் களங்களில் ஒன்று. அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தின் சூப்பர் ஓவரில் நடராஜன் ஆறு பந்துகளையும் யார்க்கராக வீசினார்.

ஆறு பந்து அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்று சற்று முன் கணக்கிட்டோம். இது அதிர்ஷ்டமல்ல என்பதை எப்படி அறிவது? மீண்டும் மீண்டும் பார்ப்பதுதான் வழி. 2017-இல் ஐ.பி.எல்.-இல் சில ஆட்டங்கள்; அடுத்த இரண்டு பருவங்களில் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2020 பருவத்தில் திரும்பவும் வாய்ப்பு வந்தபோது, தேர்ந்த மட்டையாளர்களுக்கு எதிராக யார்க்கரை யார்க்கருக்கு மேல் யார்க்கராக இறக்கினார். வலைப்பயிற்சியில் பந்து வீச ஆஸ்திரேலியா சென்றவர், 2020 டிசம்பர் 2-இல் ஒரு நாள் ஆட்டத்திலும், 4-இல் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். மூவகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள். அப்போது அவருக்கு வயது 29.

ஏணியில் ஏறியவருக்குக் காயமே வராது என்பதில்லை. அதே 2021-இல் அவருக்கு முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. ஆனால் கீழ்ப்படி ஒவ்வொன்றும் அவரை அளந்தது, குறை கண்டது, திருத்தவும் நேரம் கொடுத்தது. ஏணியின் பயன் அதுதான்.

சாக்கும் நோட்டும்

என் மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவே: மட்டையாளர் நிற்கும் கோட்டருகே இரண்டடிச் சாக்கு ஒன்றை விரி. ஒரு மாலைக்கு முப்பது பந்து. இடைவெளி விட்டு நான்கு மாலை. விழுந்தது, விழாதது எல்லாவற்றையும் நோட்டில் எழுது. முதல் பதினைந்தையும் கடைசிப் பதினைந்தையும் தனித்தனியே கூட்டு.

மூன்று வாரம் கழித்து நோட்டைக் கொண்டு வந்தான். முதல் பாதிகளில் வீசிய 60 பந்துகளில் 21 சாக்கில் விழுந்திருந்தன. கடைசிப் பாதிகளின் 60-இல் 10 மட்டுமே. நான் ஒன்றும் சொல்லவில்லை. “கடைசியில கை வர மாட்டேங்கு சார்” என்று அவனே சொன்னான். வேகத்தைப் பற்றி அன்று அவன் பேசவில்லை.

சில நாள் கழித்து அவன் தந்தையை நெல்லையப்பர் கோயில் அருகே சந்தித்தேன். “பையன அனுப்பலாமா சார்? நீங்க சொன்னாச் சரிதான்” என்றார். மகனின் படிப்பு, கைச்சேமிப்பு, அவனது முதுகெலும்பு அனைத்தும் அந்த ஒரு கேள்வியில் இருந்தன. “இப்ப வேண்டாம் அண்ணாச்சி. படிப்ப முடிக்கட்டும். அதுவரை மாவட்ட லீக்ல ஆடட்டும். அடுத்த வருஷம் மறுபடி அளந்து பாப்போம்” என்றேன். ஓராண்டு தாமதித்தால் அவன் இழப்பது ஒரு பருவம். ஓராண்டு முந்தினால் அவன் இழக்கக்கூடியது எவ்வளவு என்பதை எந்த ராடாராலும் சொல்ல முடியாது.

இளம் வாசகர்களே! உங்களில் யாரேனும் பந்து வீசுபவராக இருந்தால், உங்கள் சிறந்த ஆறு பந்தைப் பிறர் பாராட்டட்டும். நீங்கள் உங்கள் நூற்றிருபது பந்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சாக்கும் ஒரு நோட்டும் போதும். அந்தப் பையன் இப்போது இரண்டாம் நோட்டைத் தொடங்கியிருக்கிறான்.